வேலிக்கு மேலால் வந்த கோப்பை

கிளிநொச்சியில் நான் இருந்த ஒழுங்கையில் கோடை நாட்களில் ஒருவரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. எனக்குப் பக்கத்து வீட்டுக் கதிரைகளைப் பார்த்தாலே போதும். ஒன்று அங்கிளின் சாய்மனைக் கதிரை, மற்றது அன்ரியின் நீலப் பிளாஸ்ரிக் கதிரை. இரண்டும் வீட்டின் மேற்குச் சுவரோடு ஒட்டி நின்றால் காலை. விறாந்தைக்கு ஏறிவிட்டால் உச்சி வெயில். வேலியோரம் வேம்படிக்கு வந்தால் இரண்டு மணி. வாசல் படலையடிக்குப் போய்விட்டால் ஐந்து தாண்டிவிட்டது, இனி ஐஸ்பழ வான் வரும்.

ஒருநாள் ஒழுங்கை முனையில் மீன் விற்கிறவரிடம் நேரம் கேட்டேன். கையில் மணிக்கூடு கட்டியிருந்த அந்த மனிதர் எட்டி வேம்படியைப் பார்த்துவிட்டு, "இன்னும் கதிரை வரேல்லைத் தம்பி, ரெண்டு ஆகியிராது" என்றார்.

அந்தக் கதிரைக்காரர் இருவரும், புருசனும் பெண்சாதியும், ஓய்வு பெற்றவர்கள். அங்கிள் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் மேற்பார்வை பார்த்தவர். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பழக்கத்தில் நிழலையும் அப்படியே நிர்வகித்தார். எத்தனை மணிக்கு நிழல் எங்கே வரும் என்று முற்றத்தில் சின்னச் சின்னத் தடிகள் அடித்து வைத்திருந்தார். அன்ரி தபால் கந்தோரில் இருந்தவர். நான் எழுத வந்தது அவரைப் பற்றித்தான்.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "என்னைக் கேளாமல் ஏன் எழுதினீர்?" என்று கேட்கிற ஆள் இல்லை அவர். அதற்குப் பதிலாக ஒரு கோப்பை நிறையப் பலகாரம் அனுப்பிவைப்பார். அது இன்னும் பயங்கரம்.

அன்ரியின் முழுக் குணமும் இதற்குள் அடக்கம்: அவர் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். உப்புக் கேட்கமாட்டார், வழி கேட்கமாட்டார், விலைகூடக் கேட்கமாட்டார். ஒருமுறை அவர்கள் வீட்டில் காஸ் முடிந்துவிட்டது. என் குசினியில் ஒரு நிறைச் சிலிண்டர் சும்மா நின்றது. நான் பாணும் பருப்பும் சாப்பிட்டுச் சீவிக்கிற மனிதன் என்பது ஒழுங்கைக்கே தெரியும். அன்ரி கேட்கவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து நான்கு நாள் விறகில் சமைத்தார். நான் போய்க் கேட்டபோது, "விறகுச் சமையல்தான் தம்பி ருசி, இவருக்கும் புகை வாசம் விருப்பம்" என்றார். அந்தப் புகைக்குள்ளே இருந்து, மூச்சு முட்டுக்காரரான அங்கிள் கண்ணீரும் கம்பலையுமாக, "ஓம் ஓம், நல்ல விருப்பம்" என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் இன்னும் மோசம். 'இறக்கம்' என்று சொல்லி பஸ்ஸை நிறுத்தச் சொல்வதும் ஒருவகையில் கேட்பதுதானே. யாராவது இறங்குகிற இடம்வரை போய், அங்கே தானும் இறங்கி, நடந்து திரும்பி வருவார்.

"ஒருக்கால் பரந்தனிலை இறங்க வேண்டியவா" என்று அங்கிள் சொல்வார், "ஆனையிறவு மட்டும் போய் உப்புக் காத்து வாங்கிக்கொண்டு வந்தவா."

"அண்டைக்கு நல்ல காத்து" என்பார் அன்ரி, கோபமே இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "எனக்கொண்டுமில்லை, நீங்கள் ஏன் டொக்டர் மெலிஞ்சு போனியள்?" என்பாராம். பையிலிருந்து ஒரு சீப்புக் கதலி எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மருந்து வாங்காமலே வந்த நாளும் உண்டு.

நான் இந்த இடத்துக்கு வந்தது நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக. மற்றவர்களின் காணிக்கு எல்லை கீறுவது தொழில்; எனக்கென்று அரைப் பரப்பு நிலம்கூடக் கிடையாது. வீட்டுக்காரர் கனடாவில். வாடகைக்குத் தரும்போது, "வீட்டை உம்மடை வீடு மாதிரிப் பாரும்" என்றார். என் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

வந்த கிழமையே வேலிக்கு மேலால் ஒரு சில்வர் கோப்பை நீண்டது. விளிம்பில் ஒரு நெளிவு விழுந்த, வாயகன்ற பழைய கோப்பை. அதற்குள் சுடச்சுடப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். தகரவேலிக்கு மேலே கையும் கோப்பையும் மட்டும் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. அன்ரி உயரத்தில் குறைவு.

நான் சாப்பிட்டேன். கழுவினேன். மினுக்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, கழுவிக் கொடுக்கிற ஆம்பிளை என்று.

அடுத்த நாள் கோப்பை திரும்ப வந்தது, இடியப்பத்தோடு. கழுவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தோசை. நான்காம் நாள் குரக்கன் ரொட்டி. என் சமையல் கெட்டித்தனம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்தேன். பரிதாபத்துக்கு நான் எப்போதும் மறுப்புச் சொன்னதில்லை. எட்டாம் நாள் காற்சட்டைக் கொக்கி பூட்ட முடியாமல் நின்றபோது வேலிக்கு மேலால் அங்கிளின் தலை தெரிந்தது.

"தம்பி, உமக்கு ஒரு கும்பிடு. அந்தக் கோப்பைக்குள்ளை ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பும்."

"ஏன் அங்கிள்?"

"வெறுங்கோப்பை வந்தால் இவா விடமாட்டா. உமக்கு இன்னும் பசி அடங்கேல்லை எண்டு நினைப்பா. திருப்பித் திருப்பி நிரப்பிக்கொண்டுதான் இருப்பா. நான் எட்டு நாளாச் சம்பலோடை சாப்பிடுறன், கறியெல்லாம் உம்மடை பக்கம் வருகுது."

எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாய்க் கொடுத்ததில்லை. எனக்கு அது அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு குசினிக்குள் ஓடினேன். வீட்டில் இருந்ததோ அரைப் பைக்கற் பிஸ்கற்றும் இரண்டு வெங்காயமும். போட்டேன். பிறகு பழகிவிட்டேன். ஆனால் தனிக்கட்டை வீட்டில் என்ன இருக்கும்? ஒருமுறை ஒரு சவர்க்காரக் கட்டி. ஒருமுறை கந்தோரில் தந்த கலண்டர், சுருட்டிப் போட்டு. அன்ரி ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. கலண்டரைச் சுவரில் கொழுவினார். சிரிப்பதற்கென்று அந்த வீட்டில் அங்கிள் இருந்தார்.

இனி மரத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் நல்லது.

அந்த வேம்பு என் காணியில், கிழக்கு வேலியை ஒட்டி நின்றது. காலையில் அதன் நிழல் என் முற்றத்தில் விழும். அப்போது நான் கந்தோரில். பின்னேரம் நிழல் வேலியைத் தாண்டி அவர்கள் முற்றத்தில் விழும். அப்போது இரண்டு கதிரையும் அங்கே நிற்கும். அவர்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. மேலே அஸ்பெஸ்ரஸ் சீற். வைகாசி, ஆனியில் இரண்டு மணிக்கு உள்ளே போனால் பாண் சுடுகிற போறணைக்குள் போன மாதிரி இருக்கும். கரண்டும் அந்த நேரம் பார்த்துத்தான் போகும். வெக்கை ஏறினால் அங்கிளுக்கு இழுப்பு வந்துவிடும். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசுகிற வேம்படிதான் அவருடைய மருந்து.

அவர்கள் காணியில் மரமே இல்லையா என்றால், முழங்கால் உயரத்தில் ஒரு மாங்கன்று நின்றது. அதை மூன்று தரம் மாடு தின்றுவிட்டது.

"நாங்கள் விட்டிட்டு வந்த ஊருகளிலை வச்ச மரமெல்லாம் நல்லாத்தான் நிக்குது" என்று அங்கிள் சொல்வார். "நாங்கள் இருக்கிற இடத்திலைதான் ஒண்டும் இல்லை."

அந்த வேம்படியில் அன்ரி சும்மா இருந்ததே இல்லை. பழைய சேலையை விரித்து, உதிர்கிற வேப்பம்பூவைச் சேர்ப்பார். உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாயோடு தட்டி வடகம் காயவைப்பார். அங்கிள் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். நாட்டு நடப்பு மோசமாக வருகிற இடத்தில் அன்ரி, "விளையாட்டுப் பக்கத்துக்குப் போங்கோ" என்பார். லீவு நாட்களில் பின்னேரம் முழுவதும் எனக்குக் கேட்கிற சத்தம் அவ்வளவுதான். காலையில் கேட்கிற சத்தம் விளக்குமாறு. விடியமுன் எழும்பி, என் மரத்தின் சருகை அன்ரி தன் முற்றத்தில் கூட்டுவார். சர்... சர்... என்று அரைமணி நேரம்.

இரண்டாவது கோடையில் அந்தச் சத்தம் என் மனச்சாட்சியைக் கூட்டத் தொடங்கியது. பாவம், எழுபதை நெருங்குகிற மனுசி, என் மரத்தின் குப்பையைக் குனிந்து குனிந்து கூட்டுகிறாவே! எனக்குள் ஒரு நல்லவன் இருக்கிறான். அவன் வருடத்தில் ஒருமுறைதான் விழிப்பான்; விழித்தால் யாருக்காவது சேதம் நிச்சயம். அந்தப் பக்கம் நீண்ட இரண்டு பெரிய கொப்பையும் வெட்டிவிடத் தீர்மானித்தேன். வீட்டுக்காரரிடம் ஃபோனில் கேட்டேன். "வீட்டுக்கு மேலை விழாமல் வெட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேலியடிக்குப் போய், பரிசு கொடுக்கிறவன் குரலில் அறிவித்தேன்.

"அன்ரி, வாற ஞாயிறு உங்கடை பக்கத்துக் கொப்பை வெட்டுவிக்கிறன். இனி நீங்கள் சருகு கூட்டத் தேவையில்லை."

பேப்பர் வாசிப்பு நின்றது. அங்கிள் வாயைத் திறந்தார். அன்ரி அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"உங்களுக்கேன் தம்பி வீண் சிலவு" என்றார் அன்ரி.

"அதொண்டுமில்லை அன்ரி! உங்களுக்காண்டித்தானே!"

சேலையில் கிடந்த பூவைக் கையால் ஒருமுறை பரவிவிட்டார்.

திங்கட்கிழமை கோப்பை வந்தது. பொரித்த வேப்பம்பூ வடகம். என்ன மரியாதை, நன்றி சொல்கிறா என்று நினைத்தேன். செவ்வாய் வேப்பம்பூ ரசம். புதன்கிழமை வேப்பம்பூத் துவையல். கொப்பு வெட்டப்போகிற சந்தோசத்தில் மனுசி பூவையெல்லாம் முடித்துக் கட்டுகிறாவாக்கும் என்று ரசித்துச் சாப்பிட்டேன். வியாழக்கிழமை, ஸ்கந்தபுரத்திலிருந்து அவருடைய தங்கச்சி அனுப்பிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம், துண்டு துண்டாக வெட்டி. வெள்ளிக்கிழமை மோதகம். சனிக்கிழமை, காய்ந்த வடகம் ஒரு கோப்பை நிறைய, அதற்கு மேலே கொழுந்தோடு ஒரு சின்ன வேப்பங்குழை.

குழையைத் தூக்கி எறிந்தேன். எறும்பு வராமல் வைத்திருக்கிறா என்று நினைத்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆறு நாளும் கோப்பைக்குள் ஏதோ ஒன்று போட்டேன். சனிக்கிழமை போட்டது ஒரு புது விளக்குமாற்றுப் பிடி.

அன்று பின்னேரம் அங்கிள் கடைக்குப் போகிற மாதிரி என் படலையடியில் நின்றார்.

"தம்பி, நாளைக்கு நாள் சரியில்லைப் போலை. மரத்திலை கை வைக்கக் கூடாத நாள்."

"அங்கிள், நான் உந்த நாள் கோளெல்லாம் நம்பிறேல்லை" என்றேன், மிக நவீனமான மனிதனாக.

"நம்பாதையும். ஆனால் வெட்டாதையும்."

"நம்பாட்டி ஏன் வெட்டாமல் விடவேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வீட்டைப் பார்த்தார். குசினி யன்னலில் அன்ரியின் தலை தெரிந்தது. "சரி தம்பி, வெத்திலை வாங்க வந்தனான்" என்று கடைப்பக்கம் போய்விட்டார். அவர் வெற்றிலை போடுகிறதே இல்லை. இதையும் நான் யோசிக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் ஜெயபுரத்திலிருந்து வந்தார். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்து குடியேறிய மனிதர். ஏணியைச் சாத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சார், இந்தக் கொப்பதான் வெட்டணுமா?"

"ஓம், அந்த ரெண்டும்."

"கீழ ஆளுங்க இருக்கிற எடமுங்க. தரையப் பாருங்க, மெழுகின மாதிரி இருக்கு. நாற்காலிக் காலு நின்னு நின்னு குழியே விழுந்திருக்கு."

"சருகு விழுகுது. அவைக்குக் கரைச்சல். அதுக்குத்தான்."

"அவங்க சொன்னாங்களா?"

"அவா ஒண்டும் கேக்கிற ஆள் இல்லை" என்றேன் பெருமையாக. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அது பதில் என்று தெரியாமல்.

இரண்டு கொப்பும் பத்து மணிக்குள் கீழே வந்தன.

அன்று இரண்டு மணிக்குக் கதிரைகள் வந்தன. வழக்கமான இடத்தில், அந்த எட்டுக் குழிகளிலும் கால் பதிய. வெயில் நேரே விழுந்தது. அன்ரி ஒரு கறுப்புக் குடையை விரித்து அங்கிளின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தார். கை நோகும்போது மற்றக் கைக்கு மாற்றினார். அங்கிள் பேப்பரை விரித்தார்; வெளிச்சத்தில் கண் கூசி, மடித்து வைத்துவிட்டார்.

நான் வேலியடியில் நின்றேன்.

"நல்ல வெளிச்சமாக் கிடக்கு, தம்பி" என்றார் அன்ரி. அதில் ஒரு குத்தலும் இல்லை. என்னைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னார்.

நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து கீறுகிற தொழில்காரன் நான். நிழல் யாருடைய காணியில் விழுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் வரைபடத்தில் அதற்கு அடையாளக்குறியும் கிடையாது.

மூன்று நாள் குடையோடு இருந்தார்கள். நான்காம் நாள் கதிரைகள் வெளியே வரவில்லை. நான் கந்தோரிலிருந்து திரும்பி வரும்போது அங்கிள் இழுக்கிற சத்தம் என் விறாந்தைவரை கேட்டது. ஒழுங்கையில் ஒருவருக்கும் நேரம் தெரியவில்லை. மீன்காரர் என்னைப் பார்த்தபடி கத்தியைத் தீட்டினார்.

அன்று ஐந்து மணிக்குப் பிறகு அங்கிள் மெல்ல மெல்ல நடந்து என் படலையடிக்கு வந்தார். படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அங்கிள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அவா சொல்லவேண்டாம் எண்டவா. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கக்கூடாதாம்."

"ஏன் அங்கிள் இப்பிடி?"

"முந்தி இப்பிடியில்லை. தபால் கந்தோரிலை இருக்கேக்கை ஊரையே அதட்டினவா. சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கைதான்... எனக்குக் காய்ச்சல். சாப்பாட்டு வரிசையிலை இவா கோப்பையோடை நிண்டவா, காலைமை துவங்கி. இவாடை முறை வர, சட்டி முடிஞ்சு போச்சு. கொஞ்சமாவது தாங்கோ எண்டு கேட்டிருக்கிறா. திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறா." அவர் நிறுத்தி மூச்செடுத்தார். "வெறுங்கோப்பையோடை வந்தவா. அண்டைக்குப் பிறகு கேக்கிறேல்லை. அதே கோப்பைதான், அந்த நெளிஞ்சது."

நான் தின்று தின்று பெருத்த கோப்பை.

அடுத்த நாள் கந்தோருக்கு லீவு போட்டேன். காரணம் வயிற்றுக்குத்து என்று எழுதினேன். அந்தக் கிழமைச் சாப்பாட்டுக்கு அது முழுப் பொய்யுமில்லை. மரத்தில் மிஞ்சியிருந்த பாதியை நின்று பார்த்தேன். முதல்முறையாக ஒரு மரத்தை அளந்தேன் என்று சொல்லலாம். என் பக்கத்துக் கொப்புகளின் நிழல் பின்னேரம் அடிமரத்தைச் சுற்றி விழுந்தது. அதாவது சரியாக வேலிக்கு மேலே. வேலி இல்லாவிட்டால் இரண்டு கதிரை தாராளமாகப் போடலாம்.

எங்கள் ஆட்கள் அரை அடி வேலிக்காகப் பரம்பரை பரம்பரையாக வழக்கு வைத்துக் கோட்டுக்குப் போகிறவர்கள். அந்தச் சண்டைகளின் வரைபடங்களைக் கீறித்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் குறடும் சுத்தியலும் எடுத்து, எட்டடி நீளத்துக்குத் தகரத்தைக் கழற்றினேன். பெருவிரலில் இரண்டு தரம் அடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் வேலியில் மாடு போகிற அளவு பொட்டு விழுந்துவிட்டது. வேலிப்பொட்டு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. இது ஒரு கல்யாண ஊர்வலமே போகக்கூடிய பொட்டு.

இரண்டு மணிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"வாங்கோ அன்ரி, இஞ்சாலை நல்ல நிழல்."

"பரவாயில்லைத் தம்பி. வீட்டுக்குள்ளை நல்ல குளிர்மை."

அவர் நாடியிலிருந்து வியர்வை சொட்டியது. உள்ளே அங்கிள் இழுத்துக்கொண்டிருந்தார். நான் கெஞ்சினேன், மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, மரம்தானே" என்றார். தன் வீட்டு வாசலில் நின்று எனக்கு ஆறுதல் சொன்னார்!

திரும்பி வந்தேன். என் குசினியில் அவருடைய கோப்பை இருந்தது. அதற்குள் என்ன போடுவது என்று அலுமாரியைத் திறந்தேன். பிறகு மூடினேன். கோப்பையை வெறுமையாக எடுத்துக்கொண்டு, பொட்டுக்குள்ளால் நடந்து, அவர்கள் வாசலில் போய் நின்றேன்.

"அன்ரி, பசிக்குது. சாப்பிட ஏதும் தாங்கோ."

அன்ரி என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஏதோ பழைய பூட்டு ஒன்று நோகாமல் திறந்த மாதிரி.

"ஐயோ, மத்தியானம் சாப்பிடேல்லையோ? நில்லுங்கோ!" கோப்பையைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, தயிர், மோர் மிளகாய் எல்லாம் கோபுரமாக வந்தது.

"தனிய இருந்து சாப்பிட்டால் இறங்குதில்லை அன்ரி. வேம்படியிலை இருந்து சாப்பிடப்போறன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வந்து இருப்பியளோ?"

கேட்டவன் நான். கொடுக்கிறவர் அவர். அதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! பொடியன் தனியச் சாப்பிடுதாம்!"

நீலக் கதிரையை அவரே தூக்கி வந்தார். சாய்மனைக் கதிரையின் முன்கால்கள் என் காணியில், பின்கால்கள் அவர்கள் காணியில். அங்கிள் சாய்ந்தார். சோழகம் ஒருமுறை வீசியது. கண்ணை மூடியபடி, "இது எந்தக் காணித்துண்டு தம்பி?" என்றார்.

"விசாரணையிலை கிடக்கு அங்கிள்" என்றேன் வாயில் சோற்றோடு.

அன்றிலிருந்து மத்தியானத்தில் நான் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். கந்தோரில் எனக்கு ஏதோ குடல் வருத்தம் என்று கதை. இரண்டு மணிக்கு வெறுங்கோப்பையோடு வாசலில் நிற்பேன். "பசிக்குது அன்ரி" என்பேன். உண்மையில் பசிக்காத நாட்களிலும் கேட்டேன். பிச்சை எடுப்பதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் படவரைஞனாகப் போயிருக்கமாட்டேன். வெட்டின இடத்தில் ஆவணிக்குள் சிவப்புக் கொழுந்து கிளம்பியது. அங்கிள் தன் தடிகளையெல்லாம் பிடுங்கிப் புது இடத்தில் அடித்தார். மீன்காரருக்கு நேரம் தெரியத் தொடங்கியது. எனக்குச் சூடை மீன் இரண்டு கூடப் போட்டார்.

மூன்றாவது கோடையின் முடிவில் வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. வீட்டுக்கு அடுத்து வரப்போகிறவருக்காக ஒரு வரைபடம் கீறி, உள்ளே சுவரில் ஆணியடித்துக் கொழுவினேன். எல்லை, கிணறு, வேம்பு, பொட்டு, இரண்டு கதிரை. வேம்பைச் சுற்றிக் கோடு கோடாக ஒரு பகுதியை அடைத்து, 'நிழல்: வெட்டக்கூடாது' என்று எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் எந்த அதிகாரமும் இல்லாமல் கீறிய ஒரே வரைபடம் அது.

புறப்படுகிற அன்று கோப்பை என்னிடம் இருந்தது. கடைசித் தரம் என்று சந்தையெல்லாம் அலைந்து, பேரீச்சம்பழம், முந்திரிப்பருப்பு, கற்கண்டு என்று கும்பமாக நிரப்பிக்கொண்டு போனேன். இருவரும் வேம்படியில் இருந்தார்கள். கோப்பையை நீட்டினேன். அன்ரி வாங்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ?"

அங்கிள் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பேப்பர் கீழே விழுந்தது.

"கேளுங்கோ அன்ரி."

"அதுக்குள்ளை கிடக்கிறதை எடுத்துப்போட்டு, கோப்பையை வெறுமையாத் தந்திட்டுப் போங்கோ."

நான் பேரீச்சம்பழத்தையும் முந்திரியையும் கற்கண்டையும் காற்சட்டைப் பொக்கற்றுகளில் அடைத்தேன். மிச்சத்தை அங்கிளின் கையில் கொட்டினேன். வெறுங்கோப்பையை இரண்டு கையாலும் கொடுத்தேன். அன்ரி அதை வாங்கி, விளிம்பின் நெளிவில் பெருவிரலை வைத்தபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லது" என்றார். "இனி அனுப்பலாம்."

வவுனியாவில் எனக்கு இப்போது மனைவி இருக்கிறாள். சமைக்கவும் தெரியும், அவளுக்கு. ஆனாலும் ஒவ்வொரு வைகாசியும் கிளிநொச்சி பஸ்ஸில் துணியால் கட்டிய ஒரு கோப்பை வரும். பிரித்தால் வேப்பம்பூ வடகம். பூ வந்தால் மரம் நிற்கிறது. மரம் நின்றால் கதிரைகள் நிற்கின்றன. வேறு சுகம் விசாரிக்கத் தேவையில்லை. இந்த வருடம் வடகத்துக்கு மேலே கொழுந்தோடு ஒரு வேப்பங்குழையும் இருந்தது. எறிந்துவிடாமல் மேசையில் ஒரு போத்தல் தண்ணீருக்குள் வைத்தேன்.

கோப்பையைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் துணியில் கட்டி, பின்னேர பஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். கொண்டக்டர் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, வெறுங்கோப்பையை அனுப்புறியள்? ஒரு பிடி சீனியாவது போடுங்கோவன், வெக்கமில்லையோ?"

"இல்லை" என்றேன். "அவா கேட்டவா."